நீர்க்கட்டியும் எடைக்குறைப்பு அறுவையும்: மன்னார்குடிப் பெண்ணின் கேள்விக்கு விரிவான பதில்

கேள்வி இது: "வயது 28. மன்னார்குடிப் பக்கம். கல்யாணமாகி நான்கு வருடம். உயரம் 158 செ.மீ., எடை 96 கிலோ. மாதவிடாய் மூன்று மாதம், சில சமயம் ஐந்து மாதம் தள்ளிப் போகும். பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி) என்று சொல்லி மெட்ஃபார்மின் கொடுத்தார்கள், இரண்டு வருடம் சாப்பிட்டேன். சர்க்கரையின் மூன்று மாத சராசரி 6.1. திருச்சியில் ஒரு மருத்துவர் எடைக்குறைப்பு அறுவை செய்துகொள்ளலாம் என்கிறார். வயிற்றில் கத்தி வைத்தால் பிள்ளை தங்காது என்கிறார் மாமியார். அறுவை செய்தால் நீர்க்கட்டி போய்விடுமா? முன்னும் பின்னும் எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்?"

மாமியாரின் பயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். நடப்பது அதற்கு நேர்மாறு. இந்த அறுவையில் கருப்பையையோ சினைப்பையையோ யாரும் தொடுவதில்லை. இரைப்பையைச் சிறிதாக்குகிறார்கள், சில முறைகளில் குடலின் பாதையையும் மாற்றுகிறார்கள், அவ்வளவுதான். பிரிட்டனில் பி.சி.ஓ.எஸ். உள்ள, பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 35க்கு மேற்பட்ட 80 பெண்களை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஸ்லீவ் (இரைப்பையைக் குழலாகக் குறுக்கும்) அறுவையும் மறுபாதிக்கு மருந்தும் உணவுத் திட்டமும் கொடுத்து ஒரு வருடம் பார்த்தார்கள். 2024இல் 'லான்செட்' இதழில் வந்த பாம்பினி ஆய்வு அது. அறுவை செய்துகொண்டவர்களுக்கு அந்த ஒரு வருடத்தில் இடைநிலைக் கணக்கில் 6 முறை சினைமுட்டை வெளிப்பட்டது, மற்றவர்களுக்கு 2 முறை. ஆக, கரு தங்கும் வாய்ப்பு கூடத்தான் செய்கிறது. சிக்கல் என்னவென்றால், உடம்பு அதற்குத் தயாராகும் முன்பே கூடிவிடுகிறது. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

நீர்க்கட்டி போய்விடுமா என்றால், போகாது, அடங்கும். ஸ்கேனில் முத்து கோத்தாற்போல் தெரிபவை வளர்ச்சி பாதியில் நின்றுபோன சினைமுட்டைப் பைகள். அவற்றை நிறுத்தி வைப்பதில் இன்சுலினுக்குப் பெரிய பங்கு உண்டு. உடம்பு இன்சுலினுக்குச் சரியாகப் பணியாதபோது கணையம் அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோனை அதிகம் சுரக்க வைக்கிறது. அதே இன்சுலின், டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் குறைவாக உண்டாக்கும்படியும் செய்கிறது. இரண்டும் சேர்ந்து ரத்தத்தில் ஆண் ஹார்மோன் கட்டில்லாமல் திரிகிறது: மீசை முளைக்கிறது, முகப்பரு வருகிறது, முட்டை முதிராமல் நிற்கிறது. எடையும் உணவும் குறைந்தால் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி தளர்கிறது. ஆனால் பிறவியிலேயே வந்த உடல்வாகு அப்படியேதான் இருக்கும். எடை திரும்பினால் இதுவும் திரும்பும்.

எது எப்போது சரியாகும் என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். சர்க்கரை சில வாரங்களிலேயே இறங்கத் தொடங்கும். மாதவிடாய் பலருக்கு முதல் ஆறு மாதத்துக்குள் ஒழுங்குக்கு வரும். சிலருக்கு அறுவை முடிந்த மாதமே வந்துவிடும், முதல் இரண்டு மூன்று முறை கூடுதலாகவும் தாறுமாறாகவும் போகலாம். பின்கழுத்துக் கருமை மாதக்கணக்கில் மெதுவாக வெளுக்கும். முகத்து முடிதான் கடைசி. ஏற்கெனவே தடித்துவிட்ட மயிர்க்கால் ஹார்மோன் இறங்கியதும் பூனைமுடியாகிவிடாது. புதிதாகத் தடிப்பதுதான் குறையும். இருப்பதற்கு லேசர் போன்றவைதான் வழி, அதையும் ஹார்மோன் இறங்கிய பிறகு செய்தால் பலன் நிற்கும். ஸ்கேன் படம் பழையபடியே இருந்தாலும் மாதவிடாய் ஒழுங்காக வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. வருடா வருடம் ஸ்கேன் எடுத்துக் கட்டியை எண்ணுவது வீண் செலவு.

உங்கள் பி.எம்.ஐ. 38.5. சர்வதேச அறுவை நிபுணர் சங்கங்களின் 2022 வழிகாட்டல்படி 35க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கலாம். ஆசியர்களுக்கு அந்த வரம்பை 27.5 வரை இறக்கிப் பார்க்கச் சொல்கிறது அதே வழிகாட்டல். 6.1 என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. எனவே திருச்சி மருத்துவர் சொன்னதில் தவறில்லை. சாதாரணமாக ஸ்லீவில் மொத்த எடையில் சுமார் கால் பங்கு, குடல் பாதையையும் மாற்றும் பைபாஸில் சற்றுக் கூடுதலாக, ஒன்று ஒன்றரை வருடத்தில் இறங்கும். உங்களுக்கு அது 70 கிலோவை ஒட்டி வந்து நிற்கும். 55 கிலோ கனவோடு போகாதீர்கள்.

செமாக்ளூடைடு, டிர்ஸெபடைடு ஊசிகள் 2025 முதல் எடைக்குறைப்புக்காகவே இங்கும் கிடைக்கின்றன, அதையும் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் கருத்தரிப்பதற்கு முன் செமாக்ளூடைடை இரண்டு மாதமும் டிர்ஸெபடைடை ஒரு மாதமும் முன்னதாக நிறுத்த வேண்டும், நிறுத்தினால் எடை ஏறத் தொடங்கும். அறுவைக்கு முன் இந்த ஊசி போட்டுக்கொண்டிருந்தால் மயக்க மருத்துவரிடம் மறைக்காதீர்கள். வயிறு காலியாகாமல் இருந்து, அதிலுள்ளது மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு.

முன் பரிசோதனைகளில் வழக்கமான ரத்தம், ஈரல், தைராய்டு, இதயம் எல்லாம் மருத்துவமனையே எடுத்துவிடும். பி.சி.ஓ.எஸ். உள்ளவர் தானாகக் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, கருப்பை உள்சவ்வின் தடிமன். ஐந்து மாதம் மாதவிடாய் வராவிட்டால் அந்தச் சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போகிறது. வருடக்கணக்கில் இப்படியே விட்டால் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள்கூட வரலாம். ஸ்கேனில் தடிமன் அதிகமிருந்தாலோ இடையிடையே ரத்தம் பட்டாலோ சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். 28 வயதுதானே என்று தள்ளிப்போடக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது புரோஜெஸ்டிரோன் மாத்திரை கொடுத்து ரத்தப்போக்கை வரவழைப்பது அறுவைக்குக் காத்திருக்கும் காலத்திலும் தொடர வேண்டும்.

இரண்டாவது, ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி. இவற்றில் குறைபாடு இருந்தால் அறுவைக்கு முன்பே நிரப்புங்கள், பிறகு நிரப்புவது இரட்டிப்புப் பாடு. மெட்ஃபார்மின் நீண்டநாள் சாப்பிட்டவருக்கு பி12 இறங்கியிருப்பது சகஜம். மூன்றாவது, தூக்கத்தில் மூச்சுத் தடை. பலத்த குறட்டை, காலையில் தலைவலி, பகலில் தூங்கி விழுதல் இருந்தால் தூக்கப் பரிசோதனை வேண்டும். பி.சி.ஓ.எஸ். பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது, மயக்க மருந்தின்போது ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. நான்காவது, எண்டோஸ்கோபி, அதாவது வாய்வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது. புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல் எந்த அளவுக்கு இருக்கிறது என்று பார்க்காமல் அறுவை முறையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

ஐந்தாவது உங்களுக்கல்ல, உங்கள் கணவருக்கு: விந்தணுப் பரிசோதனை. நான்கு வருடமாக ஒரு பக்கத்துக்கு மட்டும் வைத்தியம் நடப்பது நம் ஊரில் வாடிக்கை. சில நூறு ரூபாயில் முடியும் சோதனை அது.

காப்பீட்டு விஷயம். தனியார் மருத்துவக் காப்பீடு இருந்தால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விதி இதுதான்: வயது 18 நிறைந்திருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும், அல்லது 35க்கு மேலிருந்து, உடற்பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான தூக்க மூச்சுத் தடை, கட்டுக்குள் வராத இரண்டாம் வகைச் சர்க்கரை ஆகியவற்றில் ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். பி.சி.ஓ.எஸ். அந்தப் பட்டியலில் இல்லை. குழந்தையின்மை சிகிச்சை தனியாக விலக்கு. உங்கள் 38.5க்கு, தூக்கப் பரிசோதனையில் கடுமையான தடை என்று வந்தால் மட்டுமே வழி திறக்கும். ஆகவே அந்தப் பரிசோதனையை முன் அனுமதிக்கு எழுதுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். "குழந்தைக்காக" என்று விண்ணப்பத்தில் முதல் வரியிலேயே எழுதினால் அங்கேயே நிராகரித்துவிடுவார்கள். உடல்நிலையில் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

எந்த அறுவை? ஸ்லீவில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு வாழைக்காய் போன்ற ஒரு குழலை மட்டும் விடுகிறார்கள். குடல் அப்படியே இருப்பதால் சத்துக் குறைபாடு ஒப்பிட்டால் குறைவு, பிற்பாடு கர்ப்பத்திலும் சிக்கல் குறைவு. கெடுதல், நெஞ்செரிச்சல் அதிகமாகலாம். பைபாஸில் சர்க்கரை இன்னும் நன்றாக இறங்கும், நெஞ்செரிச்சலும் அடங்கும். ஆனால் சத்து உறிஞ்சல் குறையும், பிற்காலத்தில் குடல் இடுக்கில் சிக்கும் ஆபத்து உண்டு, கர்ப்பத்தின் பின்பாதியில் அது கூடும். குடலில் ஒரே இணைப்போடு முடியும் மினி பைபாஸ் நம் நாட்டில் நிறையச் செய்கிறார்கள். குழந்தைக்குத் திட்டமிடும், அதுவும் சைவம் சாப்பிடும் பெண்ணுக்கு நான் அதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். குடலை எவ்வளவு நீளம் விலக்குகிறார்களோ அவ்வளவுக்குப் புரதமும் இரும்பும் நழுவும். நெஞ்செரிச்சல் இல்லையென்றால், சர்க்கரை 6.1இல் நிற்கும் உங்களுக்கு ஸ்லீவ் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். எண்டோஸ்கோபி வேறு சொன்னால் மாறும்.

அறுவைக்கு நான்கு வாரம் முன் ஹார்மோன் கலவை மாத்திரையை நிறுத்த வேண்டும். மாதவிடாயை ஒழுங்காக்கக் கொடுக்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை அந்த வகைதான். காலில் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டுபவை அவை. நிறுத்திய இடைவெளியில் ஆணுறை. அறுவை நாள் காலையில் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம். 'மூணு மாசமா வரலை, எப்பவும் அப்படித்தான்' என்று விட்டுவிடும்போதுதான் தவறு நேர்கிறது. முந்தைய இரண்டு வாரம், நாளைக்கு 800 முதல் 1000 கலோரிக்குள் ஒரு கட்டுப்பாட்டு உணவு கொடுப்பார்கள். அது எடைக்காக மட்டுமல்ல. கொழுப்பேறிய ஈரல் அந்த இரண்டு வாரத்தில் சுருங்கி, இரைப்பை மேலிருந்து விலகிக் கொடுக்கும். அந்த நாட்களில் ஒரு கல்யாண விருந்து சாப்பிட்டால், ஈரல் மறைத்து அறுவையே சிரமமாகும்.

அறுவை முடிந்து மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பினாலும், ஒரு வாரம் பத்து நாள் திருச்சியிலேயே உறவினர் வீட்டில் இருங்கள். தைத்த இடத்தில் கசிவு வந்தால் அந்த நாட்களில்தான் பெரும்பாலும் வரும். நாடித் துடிப்பு 120ஐத் தாண்டுவது முதல் எச்சரிக்கை, காய்ச்சலுக்கும் வலிக்கும் முன்பே வரும். இடது தோளில் வலி, மூச்சு வாங்குதல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குதல் இவை எல்லாம் அன்றே அறுவை நிபுணரிடம் போக வேண்டியவை. ஐப்பசி, கார்த்திகையில் தேதி கேட்டால் யோசியுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், மன்னார்குடிப் பக்கம் சாலையும் மின்சாரமும் போன நிலையில் அவசரம் என்றால் எப்படிப் போவது?

சாப்பாட்டுக்கு வருவோம், நம் பக்கத்துக்காரர்கள் திணறுவது இங்கேதான். முதல் இரண்டு வாரம் திரவம்: பருப்புத் தண்ணீர், வடிகட்டிய ரசம், நீர்மோர், ஆடை எடுத்த பாலில் கலக்கிய புரதப் பொடி. ஒரு வாய்க்கு ஒரு மிடறு, கால் மணிக்கு 30 மி.லி. என்று தொடங்கி நாளைக்கு ஒன்றரை லிட்டரைத் தொட வேண்டும். மூன்று, நான்காம் வாரம் மசித்தது: குழைந்த பயத்தம்பருப்பு, கடைந்த தயிர், அரைவேக்காட்டில் கலக்கி எடுக்காமல் முழுக்க வெந்த முட்டையை மசித்தது, முள் எடுத்து உதிர்த்த விரால் அல்லது சங்கரா. ஐந்தாம் வாரத்திலிருந்து மென்மையான திடம். இரண்டு மாதத்துக்குப் பிறகு வீட்டுச் சாப்பாடு, ஆனால் கால் கப், பிறகு அரை கப். வருடம் முடியும்போதுதான் ஒரு கப்.

புரதம் நாளைக்கு 60 முதல் 80 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். சமைத்த மீன் 100 கிராமில் ஏறத்தாழ 20. ஒரு தம்ளர் பாலில் 6 அல்லது 7. பன்னீர் 100 கிராமில் 18. மீல் மேக்கர் உலர்ந்த நிலையில் 30 கிராமுக்கு 15. ஒரு இட்லியில் இரண்டு கிராம்கூட முழுசாகத் தேறாது. கும்பகோணத்துச் சைவ வீட்டில் பருப்பையும் தயிரையும் மட்டும் நம்பி 60ஐ எட்ட முடியாது, முதல் ஆறு மாதமாவது புரதப் பொடி வேண்டும். தை, மாசியில் அறுவடை முடிந்த வயலில் விதைக்கும் உளுந்தும் பயறும் நம்மிடம் மலிவு. அதில் தோசை வார்ப்பதைவிட முளைகட்டி வேகவைத்து மசித்தால் வயிற்றுக்கும் பொருந்தும்.

நம் இலையின் வரிசை இந்த வயிற்றுக்கு ஒத்துவராது. குழம்பு சோறு, ரசச் சோறு, மோர்ச் சோறு என்று மூன்று சுற்று வந்தால் கூட்டுக்கும் மீனுக்கும் இடமே இருக்காது. புரதம் முதலில், காய் அடுத்து, சோறு கடைசியில் இரண்டு ஸ்பூன் என்று திருப்பிப் போட வேண்டும். சோறும் ரொட்டியும் காய்ந்த கோழியும் குழலில் அடைத்துக்கொள்ளும் வகை. மென்று கூழாக்காமல் விழுங்கினால் நெஞ்சு நடுவில் நின்று எச்சில் ஊறி வாந்தி வரும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி முன்னும் அரை மணி பின்னும் இடைவெளி. இந்த விதிப்படி பார்த்தால் பழைய சோறும் நீராகாரமும் முதல் ஆறு மாதத்துக்கு ஆகாது. நீரும் சோறும் சேர்ந்து வழுக்கிக்கொண்டு போய்விடும், பசி அடங்காது, புரதமும் இருக்காது. பைபாஸ் செய்தவர் திருவையாற்று அசோகா அல்வாவையோ சர்க்கரைப் பொங்கலையோ இரண்டு வாய் சாப்பிட்டால் அரை மணியில் படபடப்பு, வியர்வை, வயிற்றோட்டம் வரலாம். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கமும் வரலாம். ஊரே கூடி "ஒரு வாய்தானே" என்று ஊட்டும் இடங்களில் மறுத்துவிடுவது அவமரியாதை இல்லை என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

விரதமும் இதில் சேரும். குழந்தை வேண்டி ஆறு நாள் கந்த சஷ்டி இருப்பவர்கள் உண்டு. நாகூர், கூத்தாநல்லூர்ப் பக்கம் ரமலான் நோன்பு. முதல் வருடம் தண்ணீர்கூட இல்லாமல் இருப்பது நீரிழப்பில் கொண்டு விடும், பட்டினிக்குப் பிறகு ஒரே மூச்சில் குடிக்கவும் அந்த வயிற்றில் இடமில்லை. குழந்தை வேண்டித் திருக்கருகாவூர்க் கோயிலில் வாங்கும் நெய் சிறு துளி அளவுதான், அதற்குத் தடையில்லை.

மாத்திரைகள் ஆயுளுக்கும். முழு வைட்டமின் மாத்திரை ஒன்று. மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு இரும்பு நாளைக்கு 45 முதல் 60 மி.கி. பி12 வாய்வழியாக 350 முதல் 1000 மைக்ரோகிராம் தினமும், அல்லது மாதம் ஒரு முறை 1000 மைக்ரோகிராம் ஊசி. வைட்டமின் டி 3000 யூனிட். கால்சியம் 1200 முதல் 1500 மி.கி., ஒரே வேளையில் இல்லை, 500 மி.கி. வீதம் பிரித்து. கால்சியம் சிட்ரேட்டே நல்லது. கடைகளில் அதிகம் விற்கும் கார்பனேட் வகைக்கு அமிலம் தேவை, இந்த வயிற்றில் அமிலம் குறைவு. இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரம். காலை எழுந்ததும் எலுமிச்சைச் சாற்றோடு இரும்பு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் டிகிரி காபி, என்ற வரிசை பழகிவிட்டால் பிசகாது. காபியும் டீயும் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை மருத்துவர் சொன்ன காலத்துக்கு மேல் நீட்டாதீர்கள், இரும்பும் பி12உம் இறங்கும். பித்தக்கல் வராமல் இருக்க அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை ஆறு மாதம் கொடுப்பது வழக்கம். வேகமாக எடை இறங்கும்போது கல் சேரும் என்பதால் இது.

மூன்றாம் மாதத்திலிருந்து தலைமுடி கொத்தாக உதிரும். பி.சி.ஓ.எஸ். முற்றிவிட்டதென்று பலர் பதறிப்போவார்கள். பி.சி.ஓ.எஸ். உதிர்வு உச்சியில் வகிடு அகன்று மெதுவாக வருவது. இது தலை முழுக்க ஒரேயடியாக, பட்டினியின் அதிர்ச்சியில் வருவது. ஆறு மாதத்தில் தானாக அடங்கும். அடங்காவிட்டால் ஃபெரிட்டினும் புரதமும் பாருங்கள். பயோட்டின் வாங்கிச் சாப்பிட்டால் தைராய்டு ரத்தப் பரிசோதனை தவறாகக் காட்டும், ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன் நிறுத்த வேண்டும்.

தொங்கும் தோல் மடிப்பில் சித்திரை வெயிலில் வேர்வை தேங்கிப் படர்தாமரை வரும். குளித்ததும் மடிப்பை விலக்கித் துடைத்து உலர்த்துவது களிம்பைவிட முக்கியம். தண்ணீர்க் குடம், கிரைண்டர் கல் தூக்குவது ஆறு வாரத்துக்கு வேண்டாம். நடை மறுநாளே தொடங்கலாம். எடையோடு தசையும் கரையும் என்பதால் மூன்றாம் மாதத்திலிருந்து கைகால் தசைக்கு வாரம் இரண்டு நாள் பயிற்சி வேண்டும். இன்சுலினை உடம்பு கேட்டு நடக்க வைப்பதும் அந்தத் தசைதான்.

அறுவை செய்தவர் திருச்சியில் இருப்பார், காய்ச்சலுக்கும் வலிக்கும் நீங்கள் போவது உள்ளூர் கிளினிக்குக்குத்தான். நான் பெரிதாகப் பயப்படுவது இதற்குத்தான். மூன்று சாதாரண காரியங்கள் அங்கே கெடுதலாக முடியலாம். ஒன்று, மாதவிடாய் வலிக்கு மெஃப்டால் வகை மாத்திரை. அதுவும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபெனும் பைபாஸ் செய்த வயிற்றில் தைத்த இடத்தில் புண்ணை உண்டாக்கும், ஓட்டையே விழலாம். ஸ்லீவிலும் தவிர்ப்பதே நல்லது. பாராசிட்டமாலும் வெந்நீர் ஒத்தடமும் போதாவிட்டால் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். மாதவிடாய் திரும்பும்போது வலியும் திரும்பும் என்பதால், பல வருடம் வராதிருந்தவர் வந்ததும் கைவைப்பது இந்த மாத்திரையில்தான்.

இரண்டு, தொடர் வாந்திக்கு குளுக்கோஸ் ஏற்றுவது. சில நாள் வாந்தியிலேயே தயமின் என்ற பி1 சத்து காலியாகிவிடும். அந்த நிலையில் குளுக்கோஸை முதலில் ஏற்றினால் மிச்சமிருப்பதும் செலவாகி, தள்ளாட்டம், கண் இரட்டையாகத் தெரிதல், குழப்பம் என்று மூளையே பாதிக்கப்படலாம், முழுதும் மீளாமலும் போகலாம். தயமின் ஊசி முதலில், குளுக்கோஸ் பிறகு. அவசரத்துக்கு உப்புநீர் பாட்டில் ஏற்றலாம். இரண்டு நாளுக்கு மேல் வாந்தி நீடித்தால் அறுவை மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

மூன்று, கர்ப்பமான பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லோருக்கும் கொடுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் தண்ணீர். பைபாஸ் செய்தவருக்கு அதைக் குடித்தால் சர்க்கரை ஏறி, உடனே தடாலென்று இறங்கும். ஸ்லீவ் செய்தவர் பலருக்கும் ஒத்துக்கொள்ளாது. பதிலாக 24 முதல் 28 வாரத்துக்குள் ஒரு வாரம் வீட்டில் குளுக்கோமீட்டரில் வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தும் பார்த்து எழுதிக்கொண்டு போகலாம். வெறும் வயிற்றில் 95க்கும், ஒரு மணியில் 140க்கும் கீழே இருக்க வேண்டும். செவிலியர் அக்காவிடம் அறுவைச் சீட்டைக் காட்டிச் சொன்னால் புரிந்துகொள்வார். அறுவையின் பெயர், தேதி, அறுவை நிபுணரின் எண், இந்த மூன்று தடைகள், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி லேமினேட் செய்து பர்ஸில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கணவரின் பர்ஸில் இன்னொன்று.

இப்போது கருத்தடை. நான்கு வருடமாகக் குழந்தைக்கு ஏங்கும் வீட்டில் இதைச் சொன்னால் சண்டை வரும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் கரு தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எடை வேகமாக இறங்கும் அந்தக் காலத்தில் தாய்க்கே சத்து போதாது. குழந்தை எடை குறைந்து பிறக்கவும், இரும்பு, ஃபோலிக் அமிலக் குறையால் பாதிக்கப்படவும் வாய்ப்பு உண்டு. முன்பு எதுவும் செய்யாமலே கரு தங்காதிருந்தவர் அதே நினைப்பில் இருப்பார். ஆனால் முட்டை வெளிப்படுவது மாதவிடாய்க்கு இரண்டு வாரம் முன்பே, ஆகவே முதல் மாதவிடாயைப் பார்க்காமலே கர்ப்பமாகிவிடலாம்.

பைபாஸுக்குப் பின் வாய்வழி மாத்திரையை நம்ப முடியாது, உறிஞ்சல் குறையும். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடும் காப்பர் டி நல்ல தடுப்பு, ஆனால் ரத்தப்போக்கைக் கூட்டும், ஏற்கெனவே இரும்பு குறையும் உடம்புக்கு அது கஷ்டம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தாரா ஊசியும் இலவசம், எடையை ஏற்றக் கூடியது என்பதால் இங்கே நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். பி.சி.ஓ.எஸ். உள்ளவருக்கு ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம்தான் பொருத்தம்: கருவும் தடுக்கும், ரத்தப்போக்கையும் குறைக்கும், தடித்த உள்சவ்வையும் மெலிதாக்கும். கைக்காசு செலவாகும். எடைக்குறைப்பு அறுவைக்கு மயக்கம் கொடுக்கும்போதே அதையும் பொருத்திவிடச் சொன்னால் தனியாக வலி இல்லை. எடுத்த பிறகு கருத்தரிப்புக்குத் தடையும் இல்லை.

மெட்ஃபார்மின் தொடர்வதா என்பதை மூன்று மாதச் சர்க்கரையைப் பார்த்து முடிவு செய்வார்கள். தொடர்ந்தால் மெதுவாகக் கரையும் வகை வேண்டாம், சாதாரண மாத்திரையே. பைபாஸுக்குப் பின் அது கூடுதலாகவே உறிஞ்சப்படும் என்பதால் அளவும் மாறலாம். மீசை முடிக்கு ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுபவர் கருத்தடை இல்லாமல் அதைத் தொடக் கூடாது, ஆண் குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும்.

ஒன்றரை வருடம் முடிந்து எடை ஓரளவு நின்றதும் சாதனத்தை எடுக்கும் முன் மறுபடி ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி பாருங்கள். ஃபோலிக் அமிலம் மூன்று மாதம் முன்னதாகவே தொடங்க வேண்டும். பி.எம்.ஐ. இன்னும் 30க்கு மேலிருந்தாலோ சர்க்கரை நோய் இருந்தாலோ பல மருத்துவர்கள் 5 மி.கி. கொடுப்பார்கள். வைட்டமின் மாத்திரையில் ஏ சத்து ரெட்டினாலாக இல்லாமல் பீட்டா கரோட்டினாக இருக்கும் வகைக்கு மாறுங்கள். ஆறு மாதம் முயன்றும் தங்காவிட்டால் காத்திருக்க வேண்டாம், லெட்ரோசோல் கொடுத்து முட்டையை முதிர வைப்பது முதல் படி. முன்பு பலன் தராத அதே மருந்து எடை குறைந்த பிறகு பலன் தரலாம்.

கர்ப்பத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சத்துகளுக்கான ரத்தப் பரிசோதனை, ஏழாம் மாதத்திலிருந்து குழந்தையின் வளர்ச்சிக்கு மாதம் ஒரு ஸ்கேன். அறுவையால் கர்ப்பகாலச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வரும் வாய்ப்பு குறைகிறது, குழந்தை சிறியதாகப் பிறக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. பைபாஸ் செய்தவருக்கு ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு விட்டுவிட்டு வயிறு இழுத்துப் பிடித்தால் 'வாயு' என்று ஓம வாட்டர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். குடல் சிக்கியிருக்கலாம், அன்றே ஸ்கேனும் அறுவை நிபுணரும் வேண்டும். தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையானாலும் தனியார் ஆனாலும், பிரசவத்துக்குப் பதியும்போதே அறுவை விவரத்தை அட்டையின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். இந்த அறுவை செய்ததால் மட்டும் சிசேரியன் தேவையில்லை.

இரண்டாம் வருடத்துக்குப் பிறகு ஓரிரண்டு கிலோ ஏறுவது இயல்பு. பி.சி.ஓ.எஸ். பெண்ணுக்குத் தராசைவிட முன்னதாகச் சொல்வது நாட்காட்டி. 30 நாளுக்கு வந்துகொண்டிருந்த மாதவிடாய் 40, 45 என்று நீளத் தொடங்கினால் இன்சுலின் மீண்டும் ஏறுகிறதென்று எடுத்துக்கொண்டு, கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்த பின் மூன்று மாதச் சர்க்கரையும் எடையும் பாருங்கள். அந்தக் கட்டத்தில் மெட்ஃபார்மினைத் திரும்பத் தொடங்குவதும், உணவைத் திருத்துவதும் எளிது. முதல் வருடம் 3, 6, 12ஆம் மாதங்களிலும் பிறகு ஆயுள் முழுதும் வருடம் ஒருமுறையும் ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், ஈரல், சர்க்கரை. இவற்றில் பெரும்பாலானவை மன்னார்குடியிலேயே எடுக்கலாம். ஃபெரிட்டினைக் கேட்டு வாங்குங்கள், ஹீமோகுளோபின் மட்டும் எடுத்து அனுப்பிவிடுவார்கள்.